நரையும் முறையும்

கரிகாற் சோழன் இளமையிலேயே அரியணை ஏறியவன். அவன் அவைக்கு வழக்கொன்றைக் கொண்டுவந்த முதியோர், அரசனின் இளமையைக் கண்டு, வழக்கின் நுட்பம் இவனுக்கு விளங்குமோ என ஐயுற்றுத் தயங்கினர். அதனை உணர்ந்த சோழன் உள்ளே சென்று, நரைமுடி புனைந்து முதியவர் கோலத்தில் வந்தமர்ந்து, இருதரப்பையும் கேட்டு முறை வழங்கினான் என்பது பழமொழி நானூறு சுட்டும் கதை. முறை செய்வோனுக்கு நரை வேண்டும் என்பது அன்றைய எண்ணம். எவ்வளவு நரை வேண்டும், எந்த நரைக்குப்பின் எழுந்து செல்ல வேண்டும் என்பவை பிற்காலம் எழுப்பிய வினாக்கள்.

அவ்வினாக்களுக்குக் கல்லில் விடை எழுதியவர்களும் நம்மவர்களே. முதற் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டில் (பொ.ஆ. 919) பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டு, ஊர்ச்சபை வாரியங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோர் 30 வயதுக்கு மேலும் 60 வயதுக்கு உள்ளும் இருக்கவேண்டும் என்றது. இரண்டே ஆண்டுகளில், 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அவ்வரம்பை 35 முதல் 70 வரை என மாற்றியமைத்தது. பணிக்காலம் 360 நாள். அண்மைய மூன்றாண்டுகளுள் வாரியம் செய்தவர் மீண்டும் குடவோலைக்கு உரியவர் ஆகார். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவருக்கு அறவே இடமில்லை. வாரியப் பெருமக்கள் இன்றைய பொருளில் நீதிபதிகள் அல்லர். ஆயினும் பொதுப்பணி ஏற்பவரின் வயது வரம்பு, பணிக்காலம், ஒரு பதவிக்கும் அடுத்த பதவிக்கும் இடையே இருக்கவேண்டிய இடைவெளி ஆகிய மூன்றையும் அவ்வூரார் எண்ணிப் பார்த்திருக்கின்றனர். இன்று நீதிபதிகளின் ஓய்வு குறித்து நிகழும் விவாதங்கள் அனைத்தும் இம்மூன்றையே சுற்றி வருகின்றன. நான்காவதாக ஒன்றைக் காலம் சேர்த்தது. அதுதான் ஓய்வூதியம்.

இலக்கியம் பயின்ற நமக்குச் சட்ட நூல்கள் சற்றே அயலானவை. எனினும் நீதியரசர் ஒருவர் எந்த வயதில் எழுந்து செல்கிறார், சென்றபின் எதனை உண்டு வாழ்கிறார் என்பது வழக்கறிஞர்களுக்கு மட்டுமே உரிய செய்தியன்று. அரசை எதிர்த்து என்றேனும் ஒருநாள் நீதிமன்றப் படியேற வேண்டிய குடிமக்கள் அனைவருக்கும் உரியது. ஆகவே அதன் வரலாற்றை இக்கட்டுரையில் சுருக்கமாகக் காண்போம்.

மன்னன் விரும்பும் வரை

இங்கிலாந்தில் நெடுங்காலம் நீதிபதிகள் மன்னன் விரும்பும் வரையே பதவியில் இருந்தனர். மன்னனின் அதிகாரத்துக்கும் சட்டத்தின் எல்லைக்கும் இடையே முரண்பட்டு நின்ற தலைமை நீதிபதி எட்வர்டு கோக்கை முதலாம் ஜேம்ஸ் 1616இல் பதவியிலிருந்து நீக்கினார். இரண்டாம் ஜேம்ஸோ, தாம் விரும்பியவாறு சட்டங்களை ஒதுக்கிவைக்கும் உரிமை தமக்கு உண்டென ஏற்க மறுத்த நீதிபதிகளை 1686இல் வரிசையாக வெளியேற்றினார். இந்த அனுபவத்தின் விளைவே 1701ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம். இனி நீதிபதிகள் நன்னடத்தை உள்ளவரை பதவியில் இருப்பர், அவர்தம் ஊதியம் வரையறுக்கப்பட்டதாக இருக்கும், நாடாளுமன்றத்தின் ஈரவைகளும் வேண்டினாலன்றி நீக்கப்படார் என அச்சட்டம் கூறிற்று. பதவிப் பாதுகாப்பையும் ஊதியப் பாதுகாப்பையும் அது ஒரே தொடரில் சேர்த்து வைத்தது தற்செயலன்று. ஒருவரின் உணவு யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் அவரது மனமும் இருக்கும் என்பதை அக்காலத்தார் பட்டறிந்திருந்தனர்.

ஆனால் நன்னடத்தை உள்ளவரை பதவி என்பதற்கு உயிர் உள்ளவரை பதவி என்றே பொருளாயிற்று. பார்வை மங்கியும், செவி கேளாமலும், நினைவு தளர்ந்தும் ஆசனத்தை விட்டு எழ மனமில்லாத நீதிபதிகள் பெருகினர். எழ மனமிருந்தவர்க்கும் எழுந்தபின் வருவாய் இல்லை. இதற்கு மருந்தாக 1799இல் நாடாளுமன்றம் ஓய்வுபெறும் நீதிபதிகளுக்கு ஆண்டுத்தொகை வழங்க வழிசெய்தது. நீதிபதியின் ஓய்வூதியம் முதுமைக்குக் காட்டப்படும் இரக்கமாகத் தோன்றினாலும், அதன் பிறப்பில் நீதிமன்றத்தின் நலனே மேலோங்கி நின்றது. தகுதி தளர்ந்தவர் கண்ணியமாக விலகுவதற்குத் திறந்துவைக்கப்பட்ட வாயில் அது.

கட்டாய ஓய்வு வயது இங்கிலாந்தில் மிகவும் பிந்தியே வந்தது. 1959ஆம் ஆண்டுச் சட்டம் 75 என வரையறுத்தது. 1993ஆம் ஆண்டுச் சட்டம் 70 எனக் குறைத்தது. 2022ஆம் ஆண்டுச் சட்டம் மீண்டும் 75 என உயர்த்தியது. 1959க்கு முன்பே பதவியேற்றிருந்ததால் அவ்வரம்புக்கு உட்படாத டென்னிங் பிரபு, 1982இல் தம் 83ஆம் வயதில்தான் ஓய்வு பெற்றார்.

பாதியாகக் குறைந்த ஓய்வூதியம்

அமெரிக்கக் கூட்டாட்சி நீதிபதிகளுக்கு இன்றளவும் ஓய்வு வயது கிடையாது. அங்கே ஓய்வூதியத்தின் வலிமையை உணர்த்தும் நிகழ்ச்சிகள் பல. பத்தாண்டுப் பணியும் 70 வயதும் நிறைந்தவர் விலகினால் முழு ஊதியமும் தொடரும் என 1869இல் சட்டம் இயற்றப்பட்டது. உடலும் நினைவும் தளர்ந்திருந்த உச்ச நீதிமன்ற நீதிபதி ராபர்ட் கிரியர், சக நீதிபதிகளே சென்று எடுத்துரைத்தபின் 1870இன் தொடக்கத்தில் விலகினார். வார்டு ஹன்ட் என்ற நீதிபதி 1879இல் பக்கவாதத்தால் வீழ்ந்தார். பத்தாண்டுப் பணி நிறையாததால் ஓய்வூதியத் தகுதி இல்லை. ஆகவே பணியாற்ற இயலாத நிலையிலும் பதவியை விடவில்லை. அவர் ஒருவருக்காகவே 1882இல் காங்கிரஸ் தனிச்சட்டம் இயற்றியது. அதன்பின்னரே அவ்விடம் காலியாயிற்று.

இதனினும் பெரிய விளைவு 1930களில் நேர்ந்தது. புகழ்பெற்ற நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1932 ஜனவரியில் தம் 90ஆம் வயதில் விலகினார். பொருளாதார மந்தத்தின் நெருக்கடியில் நிறைவேற்றப்பட்ட சிக்கனச் சட்டம், 20,000 டாலராக இருந்த அவரது ஓய்வூதியத்தை 10,000 டாலராக்கியது. பின்னர் அது சரிசெய்யப்பட்டது உண்மையே. ஆயினும், விலகினால் வாழ்வூதியம் பிறர் விருப்பத்துக்கு உட்படும் என்ற அச்சம், ஓய்வெண்ணம் கொண்டிருந்த மூத்த நீதிபதிகளை ஆசனத்திலேயே இருத்தியது என வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். அம்மூத்தவர்களே ரூஸ்வெல்ட்டின் புதுத்திட்டச் சட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லாதனவாக்கியவர்கள். பொறுமையிழந்த ரூஸ்வெல்ட், 70 வயது கடந்தும் விலகாத ஒவ்வொரு நீதிபதிக்கும் ஈடாக ஒரு புது நீதிபதி, கூடுதலாக ஆறுபேர் வரை, நியமிக்கும் திட்டத்தை 1937 பிப்ரவரியில் முன்வைத்தார். நாடே கொந்தளித்தது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் ஓய்வூதியத்தை உறுதிசெய்யும் சட்டம் நிறைவேறியது. மே மாதத்தில் வில்லிஸ் வான் டெவன்டர் ஓய்வை அறிவித்தார். ரூஸ்வெல்ட்டின் திட்டம் ஜூலையில் செனட்டில் மடிந்தது. ஆண்டுக்குச் சில ஆயிரம் டாலர் மிச்சம்பிடிக்கப் போய் ஓர் அரசமைப்பு நெருக்கடியை விலைக்கு வாங்கிய கதை இது.

சென்னை முதல் டில்லி வரை

இந்தியாவில் 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த உயர் நீதிமன்றங்களின் நீதிபதிகள், பேரரசியார் விரும்பும் வரை பதவி வகிப்போராகவே இருந்தனர். இங்கிலாந்து தன் நீதிபதிகளுக்கு 1701இல் தந்த பாதுகாப்பு, கடல்கடந்து வர நெடுங்காலமாயிற்று. சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான திருவாரூர் முத்துசாமி ஐயர் 1895 ஜனவரியில் பதவியில் இருக்கும்போதே காலமானார். அவ்வாண்டில் நீதிபதியான எஸ். சுப்பிரமணிய ஐயர் 1907இல் ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப்பின் தன்னாட்சி இயக்கத்தில் இணைந்த அவர், 1917இல் அமெரிக்க அதிபர் வில்சனுக்கு இந்தியாவின் நிலையை விளக்கி மடல் எழுதினார். அது ஆட்சியாளரின் கடுஞ்சினத்துக்கு இலக்கானபோது, தாம் பெற்றிருந்த அரசப் பட்டங்களைத் துறந்தார். ஓய்வுபெற்ற நீதிபதியிடம் அரசு கொடுத்தவை இருக்கலாம், அரசிடம் எதிர்பார்ப்பவை இருத்தலாகாது என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு அரிது.

1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்கு 60, கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதிகளுக்கு 65 என ஓய்வு வயதை வரையறுத்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம் உயர் நீதிமன்றங்களுக்கு 60, உச்ச நீதிமன்றத்துக்கு 65 என அவ்வெண்களை அவ்வாறே ஏற்றுக்கொண்டது. ஓய்வூதியத்துக்கு அது தந்த காப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. நீதிபதி பதவியேற்றபின் அவரது ஓய்வூதிய உரிமையை அவருக்குப் பாதகமாக மாற்றலாகாது. அத்தொகை இந்தியத் தொகுப்பு நிதியின்மீது சுமத்தப்பட்ட செலவு. நாடாளுமன்றத்தில் விவாதிக்கலாம், வாக்கெடுப்புக்கு விட இயலாது. உயர் நீதிமன்ற நீதிபதியின் ஊதியம் மாநிலத்தின் நிதியிலிருந்து வருகிறது. ஓய்வூதியமோ இந்திய நிதியிலிருந்து வருகிறது. நீதிபதி தம் தீர்ப்புகளால் மாநில அரசின் பகையைத் தேடிக்கொண்டாலும், முதுமைச் சோறு அவ்வரசின் கையில் இல்லை.

ஊதியத்தின் அளவில் இத்துணை அக்கறை காட்டப்படவில்லை. 1950இல் உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு மாதம் 4,000 ரூபாய், உயர் நீதிமன்ற நீதிபதிக்கு 3,500 ரூபாய் எனக் குறிக்கப்பட்டது. விலைவாசி பன்மடங்கு ஏறியும் 1986ஆம் ஆண்டின் 54ஆவது திருத்தம் வரை அவ்வெண்கள் அசையவில்லை. 2018இன் சட்டத்திருத்தத்தின்படி உயர் நீதிமன்ற நீதிபதியின் ஊதியம் மாதம் 2,25,000 ரூபாய். முழு ஓய்வூதியம் ஆண்டுக்கு 13,50,000 ரூபாய்.

உயர் நீதிமன்ற ஓய்வு வயதை 62 ஆக்கியது 1963ஆம் ஆண்டின் 15ஆவது திருத்தம். ஒரு நீதிபதியின் வயது பற்றி ஐயம் எழுந்தால் இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்து குடியரசுத் தலைவரே முடிவு செய்வார் என்றும் அது சேர்த்தது. இதற்குப் பின்னணியில் கல்கத்தா நீதிபதி ஜோதி பிரகாஷ் மித்தரின் வழக்கு உண்டு. தாம் பிறந்தது 1904 டிசம்பர் 27 என அவர் கூறியிருந்தார். மெட்ரிகுலேஷன் பதிவிலோ 1901 என இருந்தது. 1961 டிசம்பரிலேயே அவருக்கு 60 நிறைந்துவிட்டது என அரசு கொள்ள, அவர் நீதிமன்றம் சென்றார். முடிவு செய்யவேண்டியவர் குடியரசுத் தலைவரே என்றது உச்ச நீதிமன்றம். குடியரசுத் தலைவர் 1901 என்றார். அதன்மீதும் வழக்கு நடந்து, 1971இல்தான் உச்ச நீதிமன்றம் அம்முடிவை உறுதிசெய்தது. 1904 எனக் கொண்டாலும் 1966இல் அவருக்கு 62 நிறைந்திருக்கும். வாழ்நாளெல்லாம் பிறர் வழக்கைத் தீர்த்தவரின் சொந்தப் பிறந்தநாள் தீர்வதற்குப் பத்தாண்டு பிடித்தது.

உயர் நீதிமன்ற வயதையும் 65 ஆக்க 2010இல் கொண்டுவரப்பட்ட 114ஆவது திருத்த மசோதா, 2014இல் மக்களவை கலைந்தபோது காலாவதியாயிற்று. இரு நீதிமன்றங்களுக்கும் இடையேயான மூன்றாண்டு வேறுபாடு அப்படியே நிற்கிறது.

எழுந்தபின் எங்கே?

உத்தரமேரூரார் விதித்த மூன்றாண்டு இடைவெளியை இங்கே நினைவுகூர வேண்டும். நீதிபதிகள் ஓய்வுக்குப்பின் அரசுப் பதவி ஏற்பதைத் தடுக்க வேண்டும் என்று அரசியல் நிர்ணய சபையில் கே. டி. ஷா வாதாடினார். நீதிமன்றங்கள் விசாரிப்பவை பெரும்பாலும் குடிமக்களுக்கிடையேயான வழக்குகள். அவற்றில் அரசுக்கு அக்கறை குறைவு. ஆகவே அரசு ஆசை காட்டி வளைக்கும் வாய்ப்பும் குறைவு என்பது அம்பேத்கரின் விடை. 1949இல் அவ்விடைக்குப் பொருள் இருந்தது. பிற்காலத்தில் நாட்டின் மிகப்பெரிய வழக்காடியாக அரசே மாறிவிட்டது.

உச்ச நீதிமன்ற நீதிபதி ஓய்வுக்குப்பின் எந்த நீதிமன்றத்திலும் வாதாடலாகாது என அரசமைப்புச் சட்டம் தடுக்கிறது. அரசுப் பதவிக்குத் தடையில்லை. எம். சி. சீத்தல்வாட் தலைமையிலான முதல் சட்ட ஆணையம் 1958இல் அளித்த 14ஆவது அறிக்கையில், அத்தடையும் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. சென்னையின் வி. கே. திருவேங்கடாச்சாரியும் பம்பாய்த் தலைமை நீதிபதி எம். சி. சாக்ளாவும் அவ்வாணையத்தின் உறுப்பினர்கள். அதே ஆண்டில் சாக்ளா அமெரிக்காவுக்கான இந்தியத் தூதரானார். சீத்தல்வாட் தம் தன்வரலாற்றில் இதனைக் கடிந்து எழுதினார்.

அதன்பின் வழி அகன்றது. உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி பாத்திமா பீவி 1992இல் ஓய்வுபெற்று, 1997 முதல் 2001 வரை தமிழக ஆளுநராக இருந்தார். ஈரோடு மாவட்டத்தவரான தலைமை நீதிபதி பி. சதாசிவம் 2014 ஏப்ரலில் ஓய்வுபெற்று, செப்டம்பரில் கேரள ஆளுநரானார். 2019 நவம்பரில் ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி ரஞ்சன் கோகோய் 2020 மார்ச்சில் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். இவர்கள் எவர் நேர்மையையும் நாம் ஐயுறவில்லை; ஐயுறுவதற்குச் சான்றும் வேண்டாம். வழக்கில் தோற்றவன் மனத்தில் ஐயம் முளைக்க இடம் தருவதே நீதிக்கு இழப்பு. இடைவெளி விதி காப்பது நீதிபதியின் பெயரையும்தான்.

கீழிருந்து ஏறியவர்கள்

மாவட்ட நீதித்துறையினரின் கதை வேறு. 58 ஆக இருந்த அவர்தம் ஓய்வு வயதை 60 ஆக்க உச்ச நீதிமன்றம் 1991இல் ஆணையிட்டது. 1993இல், பணித்திறனை ஆய்ந்து தகுதியுடையோருக்கே அந்நீட்டிப்பு எனத் தெளிவுபடுத்தியது. இவர்களுள் சிலர் உயர் நீதிமன்றத்துக்கு உயர்த்தப்படும்போது அங்கே அவர்கள் பணியாற்றும் காலம் பெரும்பாலும் குறுகியது. வழக்கறிஞராக இருந்து நேரே நீதிபதியானவருக்கு, அவரது வழக்கறிஞர் அனுபவத்தில் பத்தாண்டை ஓய்வூதியக் கணக்கில் சேர்க்கலாம் என 2014 மார்ச்சில் சதாசிவம் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. மாவட்ட நீதித்துறையிலிருந்து வந்தோரின் கணக்கில் சிக்கல்கள் எஞ்சின. புதிய ஓய்வூதியத் திட்டத்தின்கீழ்ப் பணியில் சேர்ந்தவர்களோ, உயர் நீதிமன்ற நீதிபதியாக ஓய்வுபெற்றும் மிகச் சொற்பத் தொகையே பெற்றனர்.

2025 மே 19 அன்று தலைமை நீதிபதி பி. ஆர். கவாய் தலைமையிலான அமர்வு இதற்கு முடிவு கட்டியது. எவ்வழியாக வந்தவராயினும், எந்நாளில் பணியில் சேர்ந்தவராயினும், நிரந்தர நீதிபதியாயினும் கூடுதல் நீதிபதியாயினும், உயர் நீதிமன்ற நீதிபதியாக ஓய்வுபெற்றோர் அனைவருக்கும் ஒரே முழு ஓய்வூதியம் என்றது. கூடுதல் நீதிபதிகளின் குடும்பத்தினருக்கும் அவ்வுரிமையை விரித்தது. ஆசனத்தில் அமர்ந்தபோது ஒரே நிலையில் இருந்தவர்கள், எழுந்தபின் வேறுபடலாகாது என்பதே அதன் சாரம்.

தீர்ப்பாயங்கள்

காப்பு மிகக் குறைந்த இடம் தீர்ப்பாயங்களே. 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் அவற்றுக்கு அரசமைப்பில் இடமளித்தது. வரி, நிறுவனங்கள், அரசு ஊழியர் பணி முதலிய வழக்குகள் அங்கே சென்றன. ஆனால் உறுப்பினரின் பணிக்காலம் குறுகியது. மறுநியமனம் அரசின் கையில். அந்த அரசே பெரும்பாலும் எதிரில் நிற்கும் வழக்காடி.

இதனை எதிர்த்து நெடும்போர் நிகழ்த்தியது நம் சென்னையின் மெட்ராஸ் பார் அசோசியேஷன் என்பது பெருமைக்குரியது. அச்சங்கத்தின் தலைவர் ஆர். காந்தியின் பெயரால் வழங்கும் 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பு, மூன்றாண்டுப் பணிக்காலம் போதாது, ஐந்து அல்லது ஏழு ஆண்டு வேண்டும் என்றது. தீர்ப்பாய உறுப்பினராகும் அரசு அதிகாரி, தம் பழைய துறையில் இடத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு இங்கே அமரலாகாது என்றும் கூறியது. பின்னர் நிகழ்ந்தது ஓர் இழுபறி. 2017இன் நிதிச் சட்டத்தை ஒட்டிய விதிகள் மூன்றாண்டு என்றன. 2019 நவம்பரில் அவை வீழ்ந்தன. 2020இன் விதிகள் நான்காண்டு என்றன. ஐந்தாண்டு வேண்டும் என்றது நீதிமன்றம். 2021இன் அவசரச் சட்டம் மீண்டும் நான்காண்டு என்றது. ஜூலையில் அது வீழ்ந்தது. அடுத்த மாதமே நாடாளுமன்றம் ஏறத்தாழ அதே விதிகளைச் சட்டமாக்கியது. நியமனத்துக்குக் குறைந்த வயது 50, பணிக்காலம் நான்காண்டு, உறுப்பினருக்கு 67, தலைவருக்கு 70 உச்ச வயது. 2025 நவம்பர் 19 அன்று உச்ச நீதிமன்றம், முன்னரே வீழ்த்தப்பட்ட விதிகளைக் குறை களையாமல் மீண்டும் இயற்றலாகாது எனக் கூறி அவற்றைச் செல்லாதனவாக்கி, தேசியத் தீர்ப்பாய ஆணையம் ஒன்றை நான்கு மாதங்களுக்குள் அமைக்குமாறு பணித்தது.

மூன்றா, நான்கா, ஐந்தா என்பது வெறும் எண் விளையாட்டாகத் தோன்றலாம். நாற்பது வயதில் வளர்ந்துவரும் வழக்கறிஞர் தம் தொழிலை விட்டு நான்காண்டுப் பதவிக்கு ஏன் வரவேண்டும்? வந்தால் நான்காண்டுக்குப்பின் இழந்த கட்சிக்காரர்களை எங்கே தேடுவார்? அவர் வரமாட்டார். வருபவர் ஓய்வூதியம் பெற்றுக்கொண்டிருப்பவராகவே இருப்பார். ஓய்வுபெற்ற நீதிபதிக்கு அங்கே தரப்படும் ஊதியத்தில் ஓய்வூதியத் தொகை பொதுவாகக் கழிக்கப்படும். எனினும் வீடும் வாகனமும் மதிப்பும் தொடரும். இவ்வாறு, ஓய்வு வயது என்னும் வாயிலுக்கு வெளியே மற்றொரு கூடம் கட்டப்பட்டு, அதன் திறவுகோல் அரசின் கையில் தரப்பட்டது. 62 வயதில் எழப்போகும் நீதிபதிக்கு 61இல் அக்கூடம் கண்ணில் படாதிருக்குமா என்பதே நம் கேள்வி.

கோக் நீக்கப்பட்டு நான்கு நூற்றாண்டு கடந்துவிட்டது. நீதிபதியை ஆசனத்திலிருந்து இழுத்து இறக்கும் ஆற்றல் இன்று எந்த ஆட்சியாளருக்கும் எளிதில் வாய்ப்பதில்லை. அச்சுறுத்திப் பெற இயலாததை ஆசை காட்டிப் பெறலாம் என்ற வழி மட்டும் அடைபடவில்லை. அதனை அடைக்கத் தேவையானவை பெரிய தத்துவங்கள் அல்ல. போதிய பணிக்காலம், மானத்தோடு வாழப் போதுமான ஓய்வூதியம், எழுந்தபின் சில ஆண்டு இடைவெளி. இவற்றுள் ஓய்வூதியம் 2025இல் பெரிதும் சீர்பெற்றது. பணிக்காலத்துக்கு ஐந்தாண்டு என நீதிமன்றம் மீண்டும் மீண்டும் சொல்லியிருக்கிறது. இடைவெளிக்கு மட்டும் இன்னும் சட்டம் இல்லை. உத்தரமேரூர்ச் சபையார் அதற்கு மூன்றாண்டு போதும் எனக் கருதினர்.